இரட்டையர் நகைச்சுவை: கேட்பவரையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு நண்பர்களை மையமாகக் கொண்ட நகைச்சுவைப் படங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் திரைப்பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நேர்மாறான குணம் கொண்ட இருவரை ஒரு கதைக்குள் கொண்டுவந்து, அவர்களுக்குள் கெமிஸ்ட்ரியும் அமைந்துவிட்டால் படம் தானாக நின்றுவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். இவ்வகைப் படங்களைப் பல ஆண்டுகளாக விரும்பிப் பார்த்துவருபவன் என்ற முறையில், அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. எலியும் பூனையுமான இருவரை வைத்து எடுக்கப்பட்டும், நன்கு அறிமுகமான நடிகர்கள் இருந்தும், அரை மணி நேரத்திற்குள் சலித்துப்போன படங்கள் எத்தனையோ உண்டு. கெமிஸ்ட்ரி என்று நாம் சொல்வது திரையில் தெரியும் விளைவு மட்டுமே. அதற்கான வேலை எழுத்து மேசையிலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும். அந்த வேலையில் முதன்மையானது, இருவரில் கேட்டுக்கொண்டிருப்பவரை எப்படி எழுதுவது என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜான் ஹியூஸ் எழுதி இயக்கி 1987-இல் வெளிவந்த ‘பிளேன்ஸ், ட்ரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கிலிருந்து சிகாகோவில் உள்ள தன் குடும்பத்திடம் போய்ச் சேரத் துடிக்கும் நீல் என்பவராக ஸ்டீவ் மார்ட்டினும், ஊர் ஊராகச் சென்று குளியலறைத் திரைச்சீலை வளையங்களை விற்கும் டெல் என்பவராக ஜான் கேண்டியும் நடித்திருக்கிறார்கள். பனிப்பொழிவால் விமானம் வேறு ஊரில் தரையிறங்க, ஒரே கட்டில் உள்ள விடுதி அறையில் இருவரும் தங்க நேர்கிறது. டெல்லின் ஓயாத பேச்சையும் அரைகுறைப் பழக்கங்களையும் தாங்க முடியாமல் நீல் ஒரு கட்டத்தில் வெடித்துவிடுகிறார். டெல் சொல்லும் கதைகளில் ஒரு சுவையும் இல்லை, கேட்கிறவனைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதல் சில வரிகளுக்கு நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம், ஏனென்றால் அத்தனையும் உண்மை. ஆனால் படத்தொகுப்பு நம்மை நீலின் முகத்திலேயே விட்டுவைப்பதில்லை. மீண்டும் மீண்டும் கேண்டியின் முகத்திற்குத் திரும்புகிறது. தன்னோடு விளையாடுகிறார் என்ற எண்ணத்தில் தொடங்கும் அந்த முகம், சொற்கள் ஒவ்வொன்றாக விழ விழ மெல்லச் சுருங்குகிறது. நீல் பேசி முடிக்கும்போது நம் சிரிப்பு எங்கோ நின்றுபோயிருக்கிறது. பிறகு டெல் பதில் சொல்கிறார். தன்னைப் புண்படுத்துவது எளிது என்று ஒப்புக்கொண்டே, தன்னைத் தனக்குப் பிடிக்கும், தன் மனைவிக்கும் பிடிக்கும் என்கிறார். அந்த இரண்டு நிமிடத்திற்குப் பிறகு டெல் செய்யும் எந்தக் கோமாளித்தனமும் வெறும் கோமாளித்தனமாக நமக்குத் தெரிவதில்லை. சிரிக்கிறோம், ஆனால் அவர் பக்கம் நின்றுகொண்டு சிரிக்கிறோம். இதைச் சாதித்தது வசை வசனம் அன்று. அந்த வசையைக் கேட்டவருக்கு ஓர் உள்மனம் இருந்தது, அதைக் காட்டுவதற்குக் கேமராவுக்குப் பொறுமையும் இருந்தது.

கேட்பவர் ஏன் எழுந்து போய்விடவில்லை என்ற கேள்வி அடுத்து வருகிறது. தோற்றுப்போகும் படங்களில் இதற்குப் பெரும்பாலும் விடையே இருப்பதில்லை. இருவரும் ஒருவரையொருவர் சகிக்கவில்லை என்று காட்சிக்குக் காட்சி சொல்கிறார்கள். ஆனால் பிரிந்து போகத் தடை ஏதும் இல்லை. அப்படியும் அடுத்த காட்சியில் ஒன்றாகவே காரில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பார்வையாளருக்கு இது வெளிப்படையாகத் தெரியாவிட்டாலும் மனத்துக்குள் உறுத்துகிறது. மார்ட்டின் பிரெஸ்ட் இயக்கிய ‘மிட்நைட் ரன்’ (1988) இருவரையும் பிரியவிடாத முடிச்சை எவ்வளவு இறுக்கமாகப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜாமீனில் வெளிவந்து தலைமறைவான கணக்காளர் ஒருவரை, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் கொண்டுசேர்த்தால் ஒரு லட்சம் டாலர். பிடித்து வருபவர் ராபர்ட் டி நீரோ, பிடிபட்டவர் சார்லஸ் குரோடின். நடுவே கைவிலங்கு. விமானத்தில் ஏறினால் தனக்கு உயிரே போய்விடும் என்று கணக்காளர் அலறியதால், சில மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் ரயில், பேருந்து, திருட்டு வண்டி என்று நாடு முழுவதும் நீள்கிறது. இத்தனை நேரமும் புகைப்பழக்கத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கணக்காளர் மெல்லிய குரலில் நச்சரித்துக்கொண்டே வருகிறார். கேட்டே ஆக வேண்டிய நிலையில் டி நீரோ இருப்பதால்தான் அந்த நச்சரிப்பு நகைச்சுவையாகிறது. அவர் விலகிப்போகக்கூடிய நிலையில் இருந்திருந்தால், அதே வசனங்கள் வெறும் தொணதொணப்பாக நின்றிருக்கும்.

அதே படத்தில் இன்னொரு காட்சியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணத்துக்கும் வண்டிக்கும் வழியில்லாமல் டி நீரோ தன்னைவிட்டுப் பிரிந்த மனைவியின் வீட்டுக்குப் போகிறார். பல ஆண்டுகளாகப் பார்க்காத மகள், தான் சேர்த்துவைத்த பணத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டுகிறாள். கணக்காளரும் உடன் வந்திருக்கிறார். இதுவரை பேசியே கொன்றவர் இப்போது கேட்பவராகவும் பார்ப்பவராகவும் மாறிவிடுகிறார். இடம் மாறும் இந்தத் தருணம் இல்லாத இரட்டையர் படம் எனக்கு நினைவில் நின்றதே இல்லை. ஒருவர் எப்போதும் சொல்பவர், மற்றவர் எப்போதும் வாங்கிக்கொள்பவர் என்று படம் முழுவதும் போனால், அங்கே இருப்பது ஒரு மனிதரும் ஒரு சுவரும்தான்.

இருவருமே அசடர்களாக இருந்தால் என்னவாகும் என்று கேட்கலாம். அதற்கும் பழைய விடை ஒன்று இருக்கிறது. லாரல் – ஹார்டி நடித்து 1932-இல் வெளிவந்து, நகைச்சுவைக் குறும்படத்திற்கான முதல் ஆஸ்கர் விருதைப் பெற்ற ‘தி மியூசிக் பாக்ஸ்’ படத்தில், கனத்த பியானோ ஒன்றை நெடிய படிக்கட்டு வழியே மேட்டிலுள்ள வீட்டுக்கு இருவரும் ஏற்றுகிறார்கள். பியானோ மீண்டும் மீண்டும் கீழே உருண்டோடுகிறது. ஒருவழியாக மேலே சேர்த்த பிறகு, சுற்றிவர வண்டிப்பாதையே இருக்கிறதே என்று தபால்காரர் சொல்ல, இருவரும் பியானோவைத் திரும்பக் கீழே இறக்கிப் பாதை வழியாக மறுபடி மேலே கொண்டுவருகிறார்கள். அந்த முடிவில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை என்பதுதான் சிறப்பு. ஆனாலும் அங்கும் கேட்பவர் ஒருவர் உண்டு. லாரல் ஏதாவது செய்துவைத்ததும், ஹார்டி நேராகக் கேமராவைப் பார்ப்பார். நாம் சிரித்து முடிக்கும்வரை அந்தப் பார்வை நீடிக்கும். படம் வெளிவருவதற்கு முன் நடத்தும் சோதனைத் திரையிடல்களில் மக்கள் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்பதைக் கவனித்து அதற்கேற்பப் படத்தை வெட்டும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. சிரிப்புக்கு நேரம் ஒதுக்குவதும் எழுத்தின் ஒரு பகுதி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் திரைப்படங்களுக்கு வருகிறேன். கவுண்டமணி – செந்தில் ஜோடியை உலகின் எந்த இரட்டையரோடும் ஒப்பிடலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் வாழைப்பழக் காட்சி இன்றும் பேசப்படுவதற்குக் கவுண்டமணியின் கோபத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் அது பாதி உண்மையே. இன்னொரு பழம் எங்கே என்று எத்தனை முறை கேட்டாலும், தன் விடை சரியானது என்று முழு மனத்தோடு நம்பும் செந்திலின் முகம்தான் மறுபாதி. அடி வாங்குபவரிடம் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதை அவர் கடைசிவரை விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் அக்காலத்து வழக்கப்படி இந்த இருவரின் காட்சிகள் பெரும்பாலும் தனி காமெடி டிராக்காகவே இருந்தன. முதன்மைக் கதை வேறொரு பாதையில் போகும். அவர்களுடைய உறவு படத்தின் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் முடிவிலும் இருக்கும். டிராக்குக்கு அது போதும். உறவையே கதையாகக் கொண்ட படத்துக்கு அது போதாது. 2003-இல் வந்த ‘அன்பே சிவம்’ இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தது. மழையால் புவனேஸ்வரத்தில் சிக்கிக்கொள்ளும் இருவரில், எரிச்சலோடு கேட்டுக்கொண்டே வரும் மாதவனின் பாத்திரம் மாறுவதில்தான் அதன் கதையே நகர்கிறது.

அண்மைக்காலப் படங்கள் பலவற்றில் நாயகனின் நண்பர் இரண்டு வேலைகளுக்கு மட்டுமே வருகிறார். நாயகனைப் புகழ வேண்டும், இல்லையென்றால் உடலையோ நிறத்தையோ குறித்த கேலியை வாங்கிக்கொள்ள வேண்டும். வரிக்கு வரி கவுண்டர் அடித்தால் திரையரங்கு சிரிக்கும் என்ற கணக்கில் வசனம் எழுதப்படுகிறது. ஒரு கவுண்டர் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால், முதலாவது யாரைத் தைத்தது, எப்படித் தைத்தது என்பதைக் காட்ட இடமே இருப்பதில்லை. இது நடிகர்களின் குறை என்று நான் கருதவில்லை. மிகத் திறமையான நகைச்சுவை நடிகர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு நிமிடத்தை எழுதித் தருபவர்கள்தான் குறைவு. பெண்கள் இருவரை வைத்து இப்படியொரு படம் எடுக்கும் துணிவு அதைவிடக் குறைவு. சாண்ட்ரா புல்லக்கும் மெலிசா மெக்கார்த்தியும் நடித்த ‘தி ஹீட்’ (2013) வந்து ஆண்டுகள் பல ஆகியும், அந்தக் கதவு இங்கே சரியாகத் திறக்கப்படவில்லை.

முடிவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டிவைத்த காரணம் அவிழ்ந்த பிறகு இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதே இவ்வகைப் படத்தின் உண்மையான உச்சக்கட்டம். துப்பாக்கிச் சண்டையும் கார் துரத்தலும் அதற்கு ஈடாகா. ‘மிட்நைட் ரன்’ இறுதியில் டி நீரோ குறித்த நேரத்திற்குள் ஊர் வந்து சேர்ந்துவிடுகிறார். ஒரு லட்சம் டாலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போது கணக்காளரைத் தானாகவே விடுவிக்கிறார். நீலும் அப்படித்தான். வீடு போய்ச் சேரும் ரயிலில் ஏறி அமர்ந்து, இனி டெல்லைப் பார்க்கவே வேண்டியதில்லை என்ற நிலை வந்த பிறகு, பயணம் நெடுக அவர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார். அவற்றைக் கோத்துப் பார்த்ததும் டெல்லுக்குப் போக வீடே இல்லை என்பது புரிகிறது, திரும்பி வருகிறார். கேட்டுக்கொண்டே இருந்தது வீண்போகவில்லை என்பதைத் திரைக்கதை அங்கே நிரூபிக்கிறது.

எனவே தங்கள் நாளிதழின் விமர்சகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களை மதிப்பிடும்போது ‘ஜோடிப் பொருத்தம் நன்று’, ‘டைமிங் அருமை’ என்ற வரிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், இருவரையும் எது சேர்த்துக் கட்டியிருக்கிறது, கேலிக்கு ஆளாகிறவருக்கு என்று ஒரு காட்சியாவது எழுதப்பட்டிருக்கிறதா, இடைவேளைக்குப் பிறகு யார் யாரைக் கேட்கத் தொடங்குகிறார் என்பவற்றையும் எழுதுங்கள். படம் எடுப்பவர்களும் தங்கள் விமர்சனப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்