ரயில் தடத்தில் கேங் தொழிலாளர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் 24 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் தடத்தில் அடிக்கடி நடப்பவள் நான். 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு கடைசி ரயில் போனதும், இந்த நிலத்தைக் கூறுபோட்டுக் கட்டடம் எழுப்பிவிடுவார்களோ என்று பயந்தவர்களில் நானும் ஒருத்தி. நல்லவேளை, அப்படி ஆகவில்லை. முந்தைய ஆண்டே இயற்கைச் சங்கத்தினர் இதை ஒரே தொடர்ச்சியான பசுமைத் தடமாகக் காக்கச் சொல்லித் திட்டம் கொடுத்திருந்தார்கள். அரசாங்கம் அதற்குச் செவிசாய்த்தது. இன்று பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பெரியவர்கள் காலாற நடக்கிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன்.

புக்கிட் தீமா நிலையத்தையும் இரண்டு இரும்புப் பாலங்களையும் அழகாகப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்த நிலையத்தில்தான் ஓட்டுநரும் நிலைய ஊழியரும் வளையத்தில் கோத்த சாவியைக் கைமாற்றிக்கொள்வார்கள். ஒற்றைத் தடம் என்பதால் சாவி யாரிடம் இருக்கிறதோ அந்த வண்டிதான் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். இந்தப் பழைய முறை கடைசி வரை இருந்தது. இதெல்லாம் நினைவில் நிற்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தடத்தை நாள்தோறும் வண்டி ஓடும் நிலையில் வைத்திருந்த ‘கேங்’ எனப்படும் பராமரிப்புக் குழுக்களின் கூலிக்காரர்களுக்கு அங்கே இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் அல்லவா?

என் அப்பா மலாயன் ரயில்வேயில் கேங்மேன். இருட்டு பிரிவதற்குள் நீளப் பிடி போட்ட சுத்தியலோடு கிளம்பி, தமக்கு ஒதுக்கிய தூரம் முழுவதையும் நடந்தே பார்ப்பார். தண்டவாளத்தை, அதற்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டையோடு பிடித்திருக்கும் ஆணி தளர்ந்திருந்தால், தட்டும்போது சத்தமே மாறிவிடும் என்பார். அடைமழைக்குப் பிறகு கட்டைக்கு அடியில் ஜல்லி இறங்கிவிடும். அப்போது இரண்டு பேர் கடப்பாரை கொடுத்துத் தண்டவாளத்தை நெம்பித் தூக்க, மற்றவர்கள் ஜல்லியை அடியில் தள்ளி இடித்து இறுக்குவார்கள். மண்டோர், அதாவது கேங்கின் தலைவர், ஒரு வரி பாட, மற்றவர்கள் ‘ஐலசா’ போட, எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இறங்கும். வெயில் ஏறினால் இரும்பைத் தொட முடியாது. அப்பாவின் உள்ளங்கையில் காய்ப்பு, பணி ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை.

இப்படிப்பட்டவர்கள் விட்டுச்சென்ற ஒரு பெரிய அடையாளம் தடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காமன்வெல்த் டிரைவ் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1932-இல் குவீன்ஸ்வே பகுதியில் ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு கோயிலாகத் தொடங்கியது. புக்கிட் தீமா வழியாகத் தஞ்சோங் பகாருக்குப் போட்ட இந்தத் தடம் திறந்ததும் அதே 1932-இல்தான். கோயிலுக்கு வருபவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தத் தடம் தெரியும், ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு தெரியாது. என் பேரப்பிள்ளைகளுக்கே நான் சொல்லித்தான் தெரிந்தது.

நியூசிலாந்தில் ஒட்டாகோ என்ற பகுதியில் 1990-இல் மூடப்பட்ட ரயில் பாதை ஒன்று, 2000-இல் சுமார் 150 கிலோமீட்டர் நடைபாதையாக, சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. அங்கே தண்டவாளத் தொழிலாளர்கள் ஒதுங்கிய கொட்டகைகளின் வடிவத்திலேயே வழிநெடுகச் சிறு கொட்டகைகள் கட்டி, உள்ளே தகவல் பலகை வைத்திருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கினால் அந்தப் பாதையின் கதையையும் வாசித்துவிடலாம். எவ்வளவு நல்ல யோசனை! நமக்கும் மழைக்குக் குறைச்சல் இல்லையே.

அதனால் நான் கேட்பது இதுதான். தங்ளின் ஹால்ட் பக்கம், ஆலயத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், அப்படி ஒரு கொட்டகை வேண்டும். உள்ளே ஒரு சுத்தியல், ஒரு சிலிப்பர் கட்டை, கேங் வேலை எப்படி நடந்தது என்ற விளக்கம், நம் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும். அப்புறம், பழைய ரயில்வே ஆட்களில் இன்னும் நம்மிடையே இருப்பவர்களின் குரலையும் பதிவு செய்ய வேண்டும். வேலைப் பாட்டுத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தாலும் போதும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் இதை முன்னின்று செய்யலாம். ஆட்களைத் தேடிப் பிடிக்க ஆலயத்தாரும் தமிழ் அமைப்புகளும் கைகொடுக்கலாம். என் அப்பாவின் பழைய புகைப்படங்களும் அவர் எனக்குச் சொன்ன கதைகளும் என்னிடம் இருக்கின்றன. யார் கேட்டாலும் கொடுக்கத் தயார். அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் காலமாகிவிட்டார்கள், மீதிப் பேருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஆண்டே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகள்,
குவீன்ஸ்டவுன்