கல்யாணத் தேதியும் பருவுக்கான கேப்சூலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடுமையான முகப்பருவுக்கு உட்கொள்ளும் மருந்துகளைப் பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அவற்றில் ஒன்றான ஐசோட்ரெடினோயின் என்ற கேப்சூல் குறித்து அதில் சொல்லப்பட்டவை சரியானவையே. ஆனால் எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் அந்த மருந்தைத் தேடி வருகிறவர்களில் ஒரு சாராரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. குடியாத்தத்தில் நெடுங்காலம் மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், கல்யாணம் நிச்சயமான பிறகு முகம் தெளிய வேண்டும் என்பதற்காக இந்த மருந்தைத் தொடங்கும் பெண்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

மருந்தின் மேல் எனக்குக் குறையில்லை. அமெரிக்காவில் 1982-இல் அனுமதி பெற்ற இந்த மருந்து, வைட்டமின் ஏ-யின் வழியில் வந்தது. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளையே இது சுருக்கிவிடுவதால், கட்டி கட்டியாக எழும்பி, உடைந்து, குழி விழுந்த தழும்பாக நிற்கும் பருவுக்கு இதைப்போல் வேலை செய்யும் வேறு மருந்து இல்லை என்றே சொல்லலாம். நாலைந்து பருக்கள் மட்டுமே உள்ள முகத்துக்கு இது தேவையில்லை; அதற்குப் பூசும் மருந்துகளே போதும்.

சிக்கல் நாள் கணக்கில் இருக்கிறது. வழக்கமான முறைப்படி, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை மொத்தமாக உள்ளே போக வேண்டும் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் குறைந்தது 6,000 மில்லிகிராம். தினம் 20 மில்லிகிராம் என்றால் அது 300 நாள். 40 மில்லிகிராம் என்றால் 150 நாள். நம் வீடுகளிலோ ஆவணியில் நிச்சயம் செய்து தையில் முகூர்த்தம் வைக்கிறோம். கூடிய அளவில் எடுத்துக்கொண்டாலும் மருந்து முடியும் நேரமும் தாலி ஏறும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. குறைந்த அளவென்றால் புகுந்த வீட்டிலும் பல மாதங்கள் அது தொடரும். தொடங்கிய முதல் சில வாரங்களில் பரு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதும் உண்டு என்பதால், முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவசரமாகத் தொடங்குகிறவர்களுக்கு நினைத்ததற்கு நேர்மாறாகவே நடக்கக்கூடும்.

இந்த மருந்து உடலில் இருக்கும்போது கரு உண்டானால், காது இல்லாமலோ உருக்குலைந்தோ பிறப்பது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் பெருங்குறைகள், கருச்சிதைவு ஆகிய எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது. சில நாள் உட்கொண்டிருந்தாலும் ஆபத்து உண்டு. அதனால்தான் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, உட்கொள்ளும் காலம் முழுவதும், நிறுத்திய பின்னும் குறைந்தது ஒரு மாதம் வரை கருத்தடை கட்டாயம் என்று உலகெங்கும் விதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2006 முதல் இதற்கென்றே ஒரு பதிவு முறையை வைத்து, கர்ப்பம் இல்லை என்ற பரிசோதனை முடிவு வந்த பிறகே மருந்தைத் தருகிறார்கள். மாப்பிள்ளை இந்த மருந்தை எடுத்துக்கொண்டால் கருவுக்குத் தீங்கு வருவதாகத் தெரியவில்லை. இந்தத் தடை பெண்ணுக்கு மட்டுந்தான்.

நம் ஊரில் இந்தக் கேள்வியை யார் கேட்பது? அம்மா பக்கத்தில் நிற்கும்போது கல்யாணமாகாத பெண்ணிடம் கருத்தடை பற்றிப் பேசினால், மருத்துவரையே தவறாக நினைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கல்யாணமான பிறகோ மூன்றாம் மாதத்திலிருந்தே ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பருவுக்கு மருந்து சாப்பிடுவதைப் புகுந்த வீட்டில் சொல்லக் கூசி, அட்டையைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கும் பெண், அது தீர்ந்ததும் ஆம்பூரிலோ ஆரணியிலோ தன்னை அறியாத ஒரு கடையில் வாங்கிக்கொள்கிறாள். இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது: சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்குப் பருவும் அதிகம், மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை, ஆகவே தள்ளிப்போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்துவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் அந்த நீர்க்கட்டியைக் கவனிப்பதே முறை.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது அட்டவணை எச் மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. மருத்துவர் திரும்பத் தரலாம் என்று சீட்டில் எழுதியிருந்தாலன்றி, ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் இதைத் தரக் கூடாது. கொடுத்ததும் கடையின் பெயரையும் முகவரியையும் தேதியையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும் என்பது விதி. செல்போனில் காட்டும் படத்தில் யார் முத்திரை குத்த முடியும்? அக்காவுக்கு எழுதிய சீட்டின் படத்தைக் காட்டித் தங்கைக்கு வாங்கிப் போவதற்கு அந்தப் படம் நன்றாகவே உதவுகிறது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் எனக்கும் தெரியாததல்ல. போகட்டும்.

மற்ற சங்கடங்கள் பெரும்பாலும் தாங்கக்கூடியவை. உதடு வெடிக்காமல் இந்த மருந்தைச் சாப்பிட்டவர் அரிது. வேலூரின் கத்திரி வெயிலில் அது இன்னும் கூடும், தோலும் எளிதில் கருகும். கண் வறளும், மூக்கிலிருந்து இரத்தம் கசியும், உடம்பு வலிக்கும். இருட்டில் பார்வை மங்கக்கூடும் என்பதால், தோல் தொழிற்சாலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் இரவு வேலை முடிந்து இருசக்கர வண்டியில் திரும்புகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கொழுப்புள்ள உணவுடன் சாப்பிட்டால்தான் மருந்து நன்றாக உடம்பில் சேரும். அதற்காகத் தினமும் பிரியாணி வேண்டாம், ஏனென்றால் இது இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பையும் ஏற்றும். கல்லீரலுக்கும் கொழுப்புக்குமான இரத்தப் பரிசோதனையைத் தொடங்கும் முன்பும் இடையிலும் செய்துகொள்வது அதனால்தான். பருவுக்கே தரப்படும் டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை இதனுடன் சேர்த்துச் சாப்பிட்டால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடித் தலைவலியும் வாந்தியும் பார்வைக் கோளாறும் வரலாம். வைட்டமின் ஏ மாத்திரையும் கூடாது. மனச்சோர்வுக்கு இந்த மருந்துதான் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை என்றாலும், உட்கொள்ளும் பிள்ளையின் பேச்சும் தூக்கமும் மாறுவதை வீட்டார் கவனித்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மணப்பெண்ணுக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மருந்து சாப்பிடும்போதும், நிறுத்திய பின் ஆறு மாதம் வரையிலும், மெழுகு வைத்து முடி நீக்குவதும் தோலைச் சுரண்டித் தேய்க்கும் சிகிச்சைகளும் வேண்டாம் என்கிறார்கள்; தோல் உரிந்து தழும்பாகிவிடும். அழகு நிலையத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

வேலூருக்கென்று தனியாக ஒன்று. இங்குள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் உறவினர்கள் இரத்தம் கேட்டு அலைவதும், கல்லூரிப் பிள்ளைகள் தயங்காமல் போய்க் கொடுப்பதும் இந்த ஊருக்குப் பெருமை. ஆனால் இந்த மருந்தை உட்கொள்ளும்போதும் நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரையிலும், ஆணானாலும் பெண்ணானாலும் இரத்தம் கொடுக்கக் கூடாது; அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். படிவத்தில் ‘மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா’ என்ற கேள்விக்கு, பருவுக்கான மருந்தெல்லாம் மருந்தா என்று எண்ணி ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

நிச்சயமான பெண்ணுக்குப் பரு உண்மையிலேயே கடுமையாக இருந்தால், தோல் மருத்துவரிடம் கல்யாணத் தேதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேதி நெருங்கியிருந்தால் அவர் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார். அல்லது குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட்டு இதையே தரலாமா என்று தம்பதியர் இருவரையும் வைத்துப் பேசுவார். கருத்தடைக்கான வழிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மருந்து உட்கொண்டிருக்கும்போதே நாள் தள்ளிப்போனால், அன்றே கேப்சூலை நிறுத்திவிட்டு, கடைசியாகச் சாப்பிட்ட தேதியை மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.