மழை நின்ற பிறகு இலக்கு எவ்வளவு? பெங்களூரு போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அல்சூர், ஸ்ரீராமபுரம், கிருஷ்ணராஜபுரம் பக்கம் 20 ஓவர் போட்டிகள் நடத்தும் தமிழ்க் குழுக்களுக்கு வணக்கம்.

ஏப்ரல், மே மாலைகளில் இந்த ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது. சின்னசாமி மைதானத்தில் தண்ணீரை உறிஞ்ச மண்ணுக்கடியில் குழாய் இருக்கிறது, நமக்குக் கோணிச்சாக்குதான். அதனால் ஓவர் குறைவது சகஜம். அப்போதெல்லாம் ரன் ரேட்டை வைத்து இலக்கை மாற்றுகிறீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

முதல் அணி 20 ஓவரில் 160. மழைக்குப் பின் இரண்டாவது அணிக்கு 10 ஓவர்தான். ரன் ரேட்படி இலக்கு 81. ஆனால் பத்து விக்கெட்டையும் வைத்துக்கொண்டு பத்தே ஓவர் ஆடுகிறவர்கள் முதல் பந்திலிருந்தே சுற்றலாமே! மழையால் ஓவர் குறைந்தால் இலக்கை மாற்றும் டக்வொர்த்-லூயிஸ் முறையின் ஸ்டாண்டர்ட் எடிஷன் அட்டவணையில், விக்கெட் விழாத நிலையில் 20 ஓவருக்கு வளம் (மிச்சமுள்ள ஓவரையும் விக்கெட்டையும் வைத்து ரன் அடிக்கும் சக்தி) 56.6, 10 ஓவருக்கு 32.1. 160ஐ 32.1ஆல் பெருக்கி 56.6ஆல் வகுத்தால் 90.7. தசமத்தை வெட்டி ஒன்று கூட்டுங்கள்: 91.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அட்டவணையில் 100 என்பது 50 ஓவருக்கு. 20 ஓவர் ஆட்டத்திலும் 100ஆல் வகுத்தால் இலக்கு 52 என்று வரும். முதலில் ஆடிய அணி சும்மா விடுமா?

சேஸிங் நடுவே மழை வந்தால் விக்கெட்தான் எல்லாம். அதே 160, பத்து ஓவர் முடிந்து மழை, ஐந்து ஓவர் மழையில் போயிற்று, மிச்சம் ஐந்துதான். இரண்டு விக்கெட் மட்டும் விழுந்திருந்தால் வளம் 30.8லிருந்து 16.8க்கு இறங்கும். இழப்பு 14, 56.6இல் மிச்சம் 42.6; இலக்கு 121. ஆறு விக்கெட் விழுந்திருந்தால் 22.8லிருந்து 14.3தான், இழப்பு 8.5, இலக்கு 136. ரன் ரேட்டோ இரண்டு பேருக்கும் 121 என்கிறது. ஆறு விக்கெட்டைப் பறிகொடுத்த அணிக்கு 15 ரன் இனாம்!

முதல் இன்னிங்ஸ் பாதியில் நின்றால் கணக்கு வேறு. 10 ஓவரில் 75க்கு 2 என்ற நிலையில் முதல் அணியின் ஆட்டம் முடிக்கப்பட்டு, அடுத்தவர்களுக்கும் 10 ஓவர் என்று வையுங்கள். முதல் அணி 20 ஓவர் என்று நம்பி ஆடியது. பயன்படுத்திய வளம் 25.8தான். எதிரணிக்கு 32.1. வித்தியாசம் 6.3. இதை ஜி50 என்ற சராசரி 50 ஓவர் ஸ்கோரால் பெருக்கி நூறால் வகுத்து, 75உடன் கூட்ட வேண்டும். ஜி50 245 என்றால் 15.4 கூடி, இலக்கு 91. "அவங்க அடிச்சது 75, எங்களுக்கு எதுக்கு 91?" என்று எதிரணியிலிருந்து குரல் எழும். சண்டையே இங்கேதான். 245 சர்வதேச ஆட்டத்துக்கான எண். உங்கள் தரத்துக்கு எது பொருந்தும் என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே விதியில் எழுதிவிடுங்கள். இலக்கை மாற்றும் இன்னொரு முறையான வி. ஜெயதேவனின் வி.ஜே.டி.தான் வேண்டும் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மழை வந்த பிறகு முறையைத் தேர்வு செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று, பார் ஸ்கோர் தாள். ஆட்டம் அந்தக் கணமே நின்றுவிட்டால் சமனாக எத்தனை ரன் வேண்டும் என்பதுதான் பார். இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன் ஓவர் வாரியாக, விக்கெட் வாரியாக எழுதி இரண்டு கேப்டன்களிடமும் அம்பயரிடமும் கொடுங்கள். 160க்கு எதிராக 10 ஓவர் முடிவில் இரண்டு விக்கெட் போயிருந்தால் பார் 72, ஆறு போயிருந்தால் 95. தாளின் தலையில் பெரிதாக எழுதுங்கள்: பார் எடுத்தால் டை, ஜெயிக்க ஒன்று கூட வேண்டும். 2003 உலகக் கோப்பையில் டர்பனில் இலங்கைக்கு எதிராக 229 போதும் என்று நினைத்து மார்க் பௌச்சர் கடைசிப் பந்தைத் தடுத்து ஆடினார். 229 பார்தான். ஆட்டம் டை, தென்னாப்பிரிக்கா வெளியேறியது.

ஸ்டாண்டர்ட் எடிஷனுக்குக் குறை இல்லாமல் இல்லை. முதல் அணி மிகப் பெரிய ஸ்கோர் அடித்துவிட்டால் கொஞ்சம் பிசகும். அதைச் சரிசெய்யும் புரொஃபஷனல் எடிஷனுக்கு மென்பொருள் வேண்டும். நமக்கு அட்டவணையின் ஒரு பிரதியும் போன் கால்குலேட்டரும் போதும். சர்வதேச டி20யில் முடிவு அறிவிக்க இரண்டாவது அணிக்குக் குறைந்தது 5 ஓவர் கிடைத்திருக்க வேண்டும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்ற நேரம், அப்போது எத்தனை பந்து, எத்தனை விக்கெட் என்பதை இரண்டு ஸ்கோரர்களும் கையெழுத்துப் போட்டு வைத்தால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுபவர்கள், பெங்களூரு