சுருக்கம் வேண்டிக் காத்திருந்த கால்

நங்கநல்லூர்,
மாசி மாதம்.

அன்புள்ள வசந்தா,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். மார்கழிக் கச்சேரிகளுக்கு வருவதாக நீ சொன்னபோது, மகன் வீட்டுக்குப் புனே போகிறேன் என்றேன் அல்லவா? நான் எந்த ஊருக்கும் போகவில்லை. இந்த வீட்டின் இரண்டாம் மாடியில், இடது காலைத் தலையணைகள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தபடி கிடந்தேன். சொல்லியிருந்தால் அன்றிரவே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறியிருப்பாய். உன் முழங்கால் இருக்கும் நிலையில், லிஃப்ட் இல்லாத இந்த மாடிக்கு ஏறி வந்து நீயும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பாய். திட்டுவதை இங்கேயே முடித்துக்கொண்டு மேலே படி.

ஐப்பசிக் கடைசியில் ஒரு மழை நாள் மாலை, கையில் குடையும் காதில் சம்பந்தியம்மாளின் பேச்சுமாகப் படியிறங்கினேன். படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. அப்பளம் நொறுங்குவதைப் போன்ற சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. குனிந்து பார்த்தபோது பாதம் வேறு யாருடையதோ போலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. காவலாளியும் ஓர் ஆட்டோக்காரரும் பிளாஸ்டிக் நாற்காலியோடு என்னைத் தூக்கிப்போய்க் காரில் ஏற்றினார்கள். 1756-இல் லண்டனில் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், தெருவிலேயே ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதன்மேல் படுத்தபடி வீடு போய்ச் சேர்ந்தார் என்று பிற்பாடு படித்தேன். கணுக்கால் முறிவுக்கு ‘பாட் முறிவு’ என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் முறித்துக்கொண்டதோ கணுக்காலை அல்ல. உழைத்தவள் நான், பெயர் அவருக்கு. பத்மாவின் பரிசுக் கோப்பை விவகாரம் உனக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

எனக்கு மூன்று இடங்களில் முறிவு: வெளிக்கணு, உட்கணு, கீழ்க்கால் எலும்பின் பின்விளிம்பு. புத்தூர் கட்டுப் போட்டால் போதும் என்று இவருடைய அண்ணா இரண்டு நாள் வாதாடினார். மருத்துவரோ, நம் மாணவிகள் வயதிருக்கும் ஒரு பெண், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்து காட்டினாள். கணுக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எலும்பு 1 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே, மூட்டில் எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடும் என்று 1976-இல் ஓர் ஆய்வு கண்டிருக்கிறதாம். எலும்பு எப்படியாவது கூடினால் போதாது, இருந்த இடத்திலேயே கூடவேண்டும் என்றாள். அண்ணா வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் உடனே கத்தி வைக்கவில்லை. வீக்கத்தில் தோல் பலூனைப் போல மினுமினுத்தது. அந்த நிலையில் அறுத்தால் காயம் ஆறாமல் சீழ் பிடிக்கும். அவள் தினமும் காலையில் வந்து தோலை நெருடிப் பார்த்து, சுருக்கம் விழுகிறதா என்று தேடிவிட்டு, "இன்னும் இல்லை ஆன்ட்டி" என்று போய்விடுவாள். அறுபத்தொரு வயதில் சுருக்கம் வரவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எட்டாம் நாள் மெல்லிய கோடுகள் விழுந்தன. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, பிளேட்டும் ஸ்க்ரூக்களும் பொருத்தினார்கள். ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது. வாக்கரும் குளியலறை ஸ்டூலும் இவர் வைத்த ரசமும்தான் உலகம். ரசத்தைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

நான் எழுத நினைத்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். ஆறாம் வார எக்ஸ்ரேயில் எலும்பு கூடி வருகிறது, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் வைக்கலாம் என்றார்கள். பிசியோதெரபிப் பையன் ஓர் எடைபார்க்கும் கருவியைக் கொண்டுவந்து இடது பாதத்தின் கீழே வைத்து, அதே உயரப் பலகையில் வலது காலை நிறுத்தி, முள் 10 கிலோவைத் தொடும்வரை அழுத்தச் சொன்னான். முள் நான்கில் நடுங்கியது. வலிக்கிறதா என்றான், வலிக்கவில்லை. அதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, வசந்தா. எலும்பு தாங்கும் என்று படம் சொல்கிறது, பையன் சொல்கிறான், எனக்கும் தெரிகிறது. இருந்தும் அந்தப் பாதத்துக்கு ஓர் அரிசி மூட்டையின் பாதியைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. 10 வந்து, 20 வந்து, என் 62 கிலோவில் சரிபாதியான 31-ஐ முள் தொட ஒரு மாதம் ஆயிற்று. அன்று நான் அழுததை இவர் வலி என்று நினைத்துக்கொண்டு ஐஸ் கட்டி எடுத்துவந்தார்.

பதினான்கு வாரம் ஆகிறது. கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறேன். மாலையானால் பழைய செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்குகிறது. மாதக்கணக்கில் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எலும்பு அடர்த்தியும் குறைந்திருப்பதால் கால்சியமும் வைட்டமின் டியும் விழுங்குகிறேன். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை: உன் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததை மறந்துவிடாதே, இந்த மாதமே எலும்பு அடர்த்திப் பரிசோதனையைச் செய்துகொள். பிரண்டைத் துவையலே போதும் என்று பதில் எழுதாதே. இங்கே தினமும் அதுதான்.

படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அடிபட்ட கால் முன்னே என்பது பையனின் விதி. எங்கள் மாடிக்கு 38 படிகள். வாய்விட்டு எண்ணியபடி இறங்குகிறேன், கீழ்வீட்டுக் குழந்தை எனக்கு முன்னால் எண்ணிவிடுகிறது. 37 வரை சரியாக வருகிறது. அங்கே நின்றுவிடுகிறேன், இவர் கை கொடுத்தால்தான் 38.

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவருக்கு வா. கூட்டத்தில் என்னால் நிற்க முடியாது, நீ மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். போகும் முன் ஒரு நாள் காலை கீழே, கடைசிப் படிக்கு நேரே நின்றுகொள். கை கொடுக்காதே.

உன் பொய்யள்,
கோமதி