பதினேழு வயதில் ‘வகை’ பிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு டெல்டா ஊர்களில் ‘உங்கள் பிள்ளை எந்த வகை?’ என்ற முகாம்கள் களைகட்டிவிடுகின்றன. ஒரு மேசையில் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை தருகிறார்கள். அடுத்த மேசையில் கணினியில் கேள்வித்தாள் கொடுத்து, ‘ஐ.என்.டி.ஜே.’ என்பதுபோல நாலெழுத்துப் பட்டம் ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். இரண்டு அறிக்கையிலும் கடைசிப் பக்கத்தில் ‘இந்தப் படிப்பில் சேர்க்கலாம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நம்பி நிலத்தை அடகு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

கைரேகை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விரல் ரேகை கருவில் மூன்றாம் மாதவாக்கில் உருவாகத் தொடங்கி, ஐந்தாம் மாதத்துக்குள் வடிவம் பெற்றுவிடுகிறது. அதன் பிறகு ஆயுளுக்கும் மாறுவதில்லை. குணமோ வளர வளர மாறுகிறது. மாறாத ஒன்றை வைத்து மாறுகிற ஒன்றை எப்படி அளப்பது? சில குரோமோசோம் குறைபாடுகளில் ரேகை அமைப்பு வித்தியாசமாக இருப்பது உண்மை. விற்பவர்கள் அந்த ஒரு மருத்துவ உண்மையைத்தான் இழுத்து நீட்டுகிறார்கள். இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019இலேயே அறிவித்துவிட்டது.

நாலெழுத்துப் பட்டத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது. சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் எழுதிய உளவியல் வகைகளிலிருந்து, கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது இது. உள்முகம்–வெளிமுகம் போன்ற நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்று, ஆக 16 வகை. வேலைக்கு ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. நம் ஊரில் இதை வைத்துக் கல்லூரிக்கு ஆளனுப்புகிறார்கள்.

கோளாறு எங்கே என்றால், கோட்டைப் போடும் இடத்தில். கலகலப்பு என்ற குணத்தை ஆயிரம் பேரிடம் அளந்தால், பெரும்பாலானோர் நடுவில் குவிவார்கள். இரு ஓரத்திலும் சிலரே நிற்பார்கள். வகை பிரிக்கிற முறை, கூட்டம் மிக அதிகமாக இருக்கிற அந்த நடு இடத்தில்தான் கோட்டைக் கிழிக்கிறது. 49 வாங்கியவன் ‘உள்முகம்’, 51 வாங்கியவன் ‘வெளிமுகம்’. இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, 51க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரிது. ஆனால் 51க்கும் 80க்கும் ஒரே பட்டம்.

அளவீட்டுப் பிழையையும் சேர்த்துப் பாருங்கள். சராசரி 50, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 10 என்று அமைந்த ஒரு நல்ல தேர்வின் நம்பகத்தன்மை 0.80 (பிழையே இல்லாவிட்டால் 1) என்று வைத்துக்கொள்வோம். பிழையின் அளவு, 10ஐ 0.20இன் வர்க்க மூலத்தால் பெருக்கினால் வருவது, ஏறக்குறைய நாலரை. 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால் இரு பக்கமும் ஒன்பது புள்ளி விட வேண்டும். அதாவது 53 வாங்கிய பெண்ணின் உண்மையான மதிப்பெண் 44 முதல் 62 வரை எங்கும் இருக்கலாம். ஒரே பிள்ளை சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் நாலெழுத்தில் ஓர் எழுத்தாவது மாறிப்போவது சர்வசாதாரணம். அறிக்கையில் இந்த ‘முதல் – வரை’ இல்லாமல் ஒற்றை எண்ணோ ஒற்றைப் பட்டமோ மட்டும் இருந்தால், அதைத் தயாரித்தவருக்கு அளவியல் தெரியாது, அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

‘அப்படியே எங்க பிள்ளையைப் பார்த்த மாதிரி சொன்னாங்களே’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, அவரவருக்கென்று சொல்லி ஓர் அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே அறிக்கை. வாக்கியங்களை எடுத்தது கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து. வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு பிள்ளைகளின் அறிக்கையில் பெயரை மறைத்து, மாற்றிக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆய்வாளர்கள் இன்று பெரிதும் ஏற்றுக்கொண்டிருப்பது வகைகளை அல்ல, ஐந்து அளவுகோல்களை: புதியதில் நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். இதற்கு அடிப்படை அகராதி வேலை. ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் 1936இல் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் சொற்களாக ஏறக்குறைய 18,000ஐப் பொறுக்கினார்கள். பின்வந்தவர்கள் அவற்றைக் கழித்துத் தொகுத்துக்கொண்டே போக, 1961இல் டியூப்ஸும் கிறிஸ்டலும் அமெரிக்க விமானப் படைக்குச் செய்த ஆய்வில் ஐந்து தொகுதிகள் தெளிந்து வந்தன. ஒவ்வொன்றும் ‘எவ்வளவு’ என்ற கேள்விதான், ‘எது’ என்ற கேள்வி அல்ல.

இந்த ஐந்தைக்கூட நம் பிள்ளைகளிடம் அப்படியே அளந்துவிட முடியாது. ‘புதிய இடங்களுக்குத் தனியாகப் போகப் பிடிக்கும்’ என்று ஒரு கேள்வி இருக்கும். கடைசி டவுன் பஸ் ஏழு மணிக்குக் கிளம்பிவிடும் கிராமத்தில், வேதாரண்யம் பக்கத்துப் பிளஸ் ஒன் மாணவி அதற்கு ‘இல்லை’ என்று போட்டால், அளக்கப்பட்டது அவள் சுபாவமா, வீட்டில் கிடைக்கும் அனுமதியா? எதிர்மறைக் கேள்விகள் அடுத்த தொல்லை. ‘நான் சோம்பேறி இல்லை’ என்ற வரிக்கு ‘இல்லை’ என்று குறித்த பையன் தன்னைச் சோம்பேறி என்கிறானா, இல்லை என்கிறானா என்று அவனைக் கேட்டால்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ போட்டுக்கொண்டே போகிறவர்களைக் கண்டுபிடிக்கத் தலைகீழ்க் கேள்விகள் தேவை. ஆனால் ‘வேலையைத் தள்ளிப் போடுவேன்’ என்று நேராக எழுதி வைக்க வேண்டும்; ‘இல்லை’, ‘மாட்டேன்’ சேர்ந்தால் குழப்பம்தான். வகுப்பாசிரியர் வரிசைக்கு வரிசை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும் அறையில் பொறுப்புணர்வு மதிப்பெண் எகிறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடுதிக் கோச்சிங்கில் இருக்கும் பிள்ளைகளிடம் நேர்மாறாக நடக்கும்: பக்கத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறவனோடு ஒப்பிட்டு, ஐந்துக்கு எழுகிறவன் தன்னைச் சோம்பேறி என்று குறித்துவிட்டு வருவான்.

இனி வளர்ச்சிக்கு வருவோம். முகாம்காரர்கள் தொடாத பகுதி இது. ராபர்ட்ஸும் டெல்வெக்கியோவும் 2000இல், ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 152 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டு இடைவெளியில் ஒருவருடைய இடம் மற்றவர்களோடு ஒப்பிட எவ்வளவு நிலைக்கிறது என்பதற்கான ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்), குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பதில் 0.64, ஐம்பதுக்கு மேல் 0.74. பிளஸ் டூ பிள்ளை இந்த ஏணியின் கீழ்ப்பாதியில் நிற்கிறது. போதாக்குறைக்கு, பொறுப்புணர்வும் இணக்கமும் பதின்பருவத் தொடக்கத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்துதான் எழுகின்றன. 10 முதல் 65 வயது வரை 12 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் இணையவழியில் எடுத்து 2011இல் வெளியான ஆய்வில் அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. எட்டாம் வகுப்பில் ‘பொறுப்பே இல்லை’ என்று முத்திரை குத்தப்படும் பையன் பெரும்பாலும் அந்த வயதின் பள்ளத்தில் இருக்கிறான். பொறுப்புணர்வு கணிசமாக உயர்வது இருபதிலிருந்து நாற்பதுக்குள்.

‘எல்லாம் அப்பனைக் கொண்டு பிறந்திருக்கு’ என்கிற பேச்சுக்கு ஒரு விளக்கம். இரட்டையர், தத்துப்பிள்ளை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஆளுமையின் மரபுப் பங்கு ஏறக்குறைய 40 சதவீதம் என்று வருகிறது. இதை ‘என் மகன் குணத்தில் 40 சதவீதம் என்னுடையது’ என்று படிக்கக் கூடாது. ஒரே ரக விதையைத் தலைமடையிலும் கடைமடையிலும் தெளித்தால், பயிர் உயரத்தில் தெரியும் வித்தியாசம் முழுக்கத் தண்ணீரால் வந்தது. பல ரகத்தை ஒரே வயலில் ஒரே தண்ணீரில் விட்டால், வித்தியாசம் முழுக்க விதையால் வந்தது. விதையின் தன்மை மாறவில்லை, சதவீதம் மட்டும் மாறிவிட்டது. 40 என்பது ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு, ஒரு பிள்ளையைப் பற்றியது அல்ல.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கைகொடுக்கக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. தாமஸும் செஸ்ஸும் 1956இல் நியூயார்க்கில் தொடங்கி 133 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். சுமார் 40 சதவீதம் எளிதில் பழகுகிறவர்கள், 10 சதவீதம் சிரமமானவர்கள், 15 சதவீதம் மெதுவாகப் பழகுகிறவர்கள். மீதி 35 சதவீதம் எதிலும் அடங்கவில்லை, அதை ஒளிக்காமல் எழுதினார்கள். எந்தச் சுபாவமும் தானாகக் கெட்டதல்ல, வீடும் பள்ளியும் கேட்பதற்கும் அதற்கும் பொருத்தம் இல்லாதபோதுதான் சிக்கல் என்பதே அவர்கள் கண்டது. மெதுவாகப் பழகும் பிள்ளையைத் திடீரென எழுப்பிக் கேள்வி கேட்டால் வாய் அடைத்துப் போகும். நாளைக்கு இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்பேன் என்று முதல்நாளே சொல்லுங்கள். முதல் வாரம் பக்கத்து மாணவனிடம் சொல்லட்டும், அடுத்து நான்கு பேர் குழுவில், அதன் பிறகு எழுந்து நின்று. ‘ஊமைக்கொட்டான்’ என்று விருந்தாளிகள் முன்னால் சொல்வதை மட்டும் நிறுத்திவிட வேண்டும். பிள்ளை அந்தப் பெயரையே தன் குணமாக எடுத்துக்கொள்ளும்.

குணத்தைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கலாமா? பாரிக், மவுன்ட் இருவரும் 1991இல் 117 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எல்லா வேலையிலும் செயல்திறனோடு ஒட்டி வந்த குணம் பொறுப்புணர்வு ஒன்றுதான். அந்த ஒட்டுறவும் சுமார் 0.22. செயல்திறன் வித்தியாசத்தில் இந்தக் குணம் விளக்குகிற பங்கைக் காட்டும் அதன் வர்க்கம் ஐந்து சதவீதத்தைத் தொடவில்லை. டாக்டரானாலும் டிராக்டர் மெக்கானிக்கானாலும் உதவும் குணம் அது, எந்தக் கல்லூரி என்று காட்டாது. படிப்பைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவி வேண்டுமென்றால் ஆர்வப் பட்டியல் என்ற வேறு கருவி இருக்கிறது. ஜான் ஹாலண்டின் ஆறு ஆர்வப் பிரிவுகளை ஒட்டி அமைந்தவை பரவலாகப் பயன்படுகின்றன. அதையும் மதிப்பெண், வீட்டுப் பொருளாதாரம், பிள்ளையின் விருப்பம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முகாமுக்குப் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் தேர்வின் சராசரி யாரிடம் எடுத்தது, தமிழ்வழி மாணவர்கள் அதில் இருந்தார்களா? ஒரு மாதம் கழித்து அதே பிள்ளை எழுதினால் எவ்வளவு ஒத்துவரும், எண் என்ன? இந்த மதிப்பெண்ணுக்கும் அந்தப் படிப்பில் தேறுவதற்கும் தொடர்பு காட்டிய ஆய்வு எங்கே? எண்ணாகப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். மேற்படிப்பு ஆலோசனைக்குத் தமிழக அரசின் 14417, பிள்ளை உண்மையிலேயே மனம் உடைந்திருந்தால் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் 14416, இரண்டும் கட்டணமில்லாதவை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் உங்கள் நாளிதழிலும் இந்த விளம்பரங்கள் வருகின்றன. மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம், மன்னார்குடி.