போர்டு வாங்க காசு இருக்கு, துடைக்கற துணிக்கு இல்லையா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள இது பேப்பர்ல வந்தா நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்னு எழுதறேன். திருப்பூர்ல ஸ்டேஷனரி கடை வச்சிருக்கேன், ஸ்கூலு, டியூஷன் சென்டரு, பனியன் கம்பெனி ஆபீஸுன்னு வைட் போர்டு சப்ளை பண்ணி மாட்டியும் குடுக்கறோம். மே மாசம் வந்தாலே "போர்டு போயிருச்சு, புதுசுக்கு கொட்டேஷன் குடுங்க"ன்னு போன் வர ஆரம்பிச்சிரும், போய் பார்த்தா பாதி போர்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, வெறும் அழுக்கு தான். போர்டு விக்கறவனே பழச துடைச்சு வச்சுக்கங்கன்னு சொல்றானேன்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

ஒரு ஸ்கூல்ல எட்டாம் கிளாஸ் போர்டு சாம்பல் கலர்ல இருந்துச்சு, எப்பவோ எழுதுன கணக்கெல்லாம் நிழல் மாதிரி தெரியுது, கடைசி பெஞ்சு பசங்க எது இன்னைக்கு எழுதுனது எது போன வாரம் எழுதுனதுன்னு கண்ண சுருக்கி பாக்கறாங்க. ஃபிரேம் ஓரத்துல நகத்தால சுரண்டுனேன், மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள் கிளம்புச்சு, அப்படியே இழுத்தா டர்ருனு வந்துருச்சு, உள்ள போர்டு பளபளன்னு புதுசு! கீறல் விழக்கூடாதுன்னு கம்பெனியில ஒட்டி அனுப்பற கவரு அது, மாட்டுனவங்க உரிக்கவே இல்ல, அது மேலயே இத்தன நாளும் எழுதிட்டு இருந்துருக்காங்க (நாங்க மாட்டுனது இல்லீங்க). உங்க போர்டுலயும் ஓரத்த ஒருக்கா சுரண்டி பாருங்க.

மார்க்கர் மை அழியறதுக்கு காரணம், அதுல கலரோட கூட ஆல்கஹாலும், கலர் போர்டுல ஒட்டாம பாத்துக்கற எண்ணெய் மாதிரி ஒரு பொருளும் இருக்கறது தான். பெர்மனன்ட் மார்க்கர்ல அந்த எண்ணெய் சமாச்சாரம் இல்ல, அதனால பிடிச்சுக்கும். யாராச்சும் தெரியாம பெர்மனன்ட்ல எழுதிட்டா பதறாதீங்க, அதுக்கு மேலயே போர்டு மார்க்கரால நல்லா தேய்ச்சு எழுதி ஈரம் காயறதுக்குள்ள துடைங்க, அடியில இருக்கறதும் சேர்ந்து வந்துரும். எழுதுனத வாரக்கணக்குல அழிக்காம விடறது தான் தப்பு, ஆபீஸ்ல டார்கெட் எழுதி வச்சு மூணு மாசம் தொடாம விட்டா கறை பிடிக்காம என்ன பண்ணும்?

இதுல பாவம் யாருன்னா கூட்ற அக்கா தான். டஸ்டர்ல ஏற்கனவே மை தூள் ரொம்பி கெடக்கும், அதால துடைச்சா அழுக்க இன்னும் தான் பரப்பும், அதுக்கப்புறம் "ஏம்மா போர்டு இப்படி இருக்கு"ன்னு அவங்கள சத்தம் போட்டா அவங்க என்ன பண்ணுவாங்க, பாத்திரம் தேய்க்கற ஸ்க்ரப்பரையும் சபீனாவையும் எடுத்துட்டு வந்து தேய்ப்பாங்க. அன்னையோட அந்த போர்டு முடிஞ்சுது. மேல இருக்கற வழவழப்பு போயி கண்ணுக்கு தெரியாத கீறலுக்குள்ள மை இறங்கிரும், அப்புறம் என்ன ஊத்துனாலும் வராது.

செலவுன்னு பார்த்தா ஒண்ணுமே இல்லீங்க. தெனமும் சாயங்காலம் காஞ்ச துணியால ஒரு துடைப்பு, வாரம் ஒருநாள் துணியில கொஞ்சம் ஸ்பிரிட் (ஊசி போடறதுக்கு முன்னாடி தேய்ப்பாங்களே, அது) தொட்டு துடைச்சு, ஈரத்துணியால ஒருக்கா, காஞ்ச துணியால ஒருக்கா, அவ்வளவு தான். சானிடைசரும் ஆகும், ஆனா அதுல கிளிசரின் இருக்கும், ஈரத்துணி போடலைன்னா பிசுபிசுன்னு நிக்கும். ஸ்பிரிட்டு தீப்பிடிக்கும், பசங்க கையில குடுக்காதீங்க, ஜன்னல திறந்து வச்சுட்டு துடைங்க. துணிக்கு நம்ம ஊர்ல பஞ்சமா, பனியன் வேஸ்ட்ட விட மெத்துனு என்ன கிடைக்கும்?

வாங்கும்போதும் ஒண்ணு சொல்லணும். விலை கம்மியா இருக்குன்னு எல்லாரும் எடுக்கறது பலகை மேல பிளாஸ்டிக் மாதிரி பூச்சு போட்ட மெலமைன் போர்டு, தெனமும் ஆறேழு பீரியட் எழுதற கிளாஸுக்கு அது சில வருஷத்துலயே கறை பிடிச்சுரும். இரும்புத் தகடு மேல எனாமல் சுட்டு எடுக்கற செராமிக் போர்டு விலை ஜாஸ்தி தான், ஆனா இருபது வருஷத்துக்கு மேல கேரண்டி குடுக்கற கம்பெனிகளே இருக்கு. காந்தம் ஒட்டுதுன்னு மட்டும் நம்பிராதீங்க, பெயிண்ட் அடிச்ச சாதா தகடுலயும் ஒட்டும், பில்லுல செராமிக்னு எழுதி வாங்குங்க. என்னை கேட்டா கிளாஸ்ரூமுக்கு செராமிக், ஆபீஸ் மீட்டிங் ரூமுக்கு மெலமைன் போதும்.

ஸ்கூல் நிர்வாகத்துக்கு நான் கேக்கறது, போர்டுக்கு கொட்டேஷன் வாங்கறப்பவே கூடுதல் டஸ்டர், துணி, ஒரு பாட்டில் ஸ்பிரிட்டையும் சேர்த்து எழுதுங்க, எந்த கிளாஸுக்கு யார் துடைக்கறதுன்னு பேர் போட்டு குடுங்க, அந்த அக்காவுக்கு ஒருக்கா செஞ்சும் காட்டுங்க. அதுக்கப்புறமும் போர்டு சரியில்லைன்னா கூப்பிடுங்க, வந்து பாக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டேஷனரி கடைக்காரர்,
திருப்பூர்