தண்ணீர் வண்டித் தம்பிக்கும் டோங்காட் மக்களுக்கும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில் இருக்கும் நம் டோங்காட்டின் அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

இந்த 2022 ஏப்ரலில் வெள்ளம் வந்த ராத்திரியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடந்தது. என்னை விட அதிகம் இழந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், தலைக்கு மேல் கூரை இருக்கிறது. இன்று உட்கார்ந்தது நன்றி சொல்ல மட்டும். நேற்று சாயங்காலத்திலிருந்து நெஞ்சு நிறைந்து கிடக்கிறது. இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. மூன்று நாள் நின்று எங்கள் வீட்டுச் சேற்றை வாரிப் போட்ட பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு. கோவில் சமையல்கட்டில் விடிய விடிய பருப்பும் சோறும் பொங்கிய அக்காமார்களுக்கு. பிரியாணி அண்டாவை இறக்கி வைத்துவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போன பள்ளிவாசல் தம்பிகளுக்கு. ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்ட முனைவீட்டுக்காரருக்கு. டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வாரா வாரம் பக்கி வண்டியில் தண்ணீர்க் கேன் ஏற்றி வந்த என் நாத்தனார் மகனுக்கு. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் முகமெல்லாம் எனக்குத் தெரியும்.

மீதி மடல் ஒருவருக்கானது.

ஊர்த் தண்ணீர் நிலையத்தை வெள்ளம் கொண்டுபோன பிறகு நம் தெருமுனையில் வந்து நிற்கும் தண்ணீர் லாரியை உங்களுக்குத் தெரியும். அதை ஓட்டுகிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வீடு பக்கத்தில், ஜூலுக்காரர்கள் வாழும் ஹம்பனாத்தியில். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். வரிசையில் வயதானவர்களைக் கண்டால் வாளியை அவரே வாங்கி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து வைப்பாரே, அவர்தான்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். வீட்டில் மிஞ்சியதை எல்லாம் மதில் மேல் காயவைத்திருந்தேன். அதில் பதினொரு கேசட் இருந்தது. எல்லாம் சேறு. மகன் ஏற்கெனவே இரண்டு முறை குப்பைப் பையில் போட்டுவிட்டான், நான் இரண்டு முறையும் எடுத்து வெளியே வைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

வாளியை இறக்கி வைத்த தம்பி மதிலைப் பார்த்துவிட்டு நின்றார். "மா, இதை வெயிலில் வைக்காதீங்க, டேப் வளைஞ்சு போயிடும்" என்றார். ஜூலுவிலும் மா என்றால் அம்மாதான், அவர் வாயில் அது நம் வீட்டுப் பிள்ளை கூப்பிடுவது போலவே இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். திருகு வைத்த கேசட்டைத்தான் திறக்க முடியும், ஒட்டிவிட்டதை உடைத்தால்தான் உண்டு என்று சொன்னார். எது முக்கியம் என்று கேட்டார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காகித லேபிள் கரைந்து போயிருந்தது. ஆனால் அண்ணன் அந்தக் காலத்திலேயே ஊசியால் பிளாஸ்டிக்கில் கீறி வைத்திருந்தார்: நலங்கு, 1978. அதைக் கொடுத்தேன். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். உண்மையைச் சொல்கிறேன், திரும்பி வரும் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணனின் ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி இளையவர்களுக்காக இரண்டு வார்த்தை. பேர் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எண்பதுகளின் நடுவில் கலைந்து போன குழு. ஆர்மோனியத்துக்கு எங்கள் மாமா, டோலக்குக்குச் சித்தப்பா மகன், பாட ஒரு சர்க்கரை ஆலைக் குமாஸ்தா. அவர் டி.எம்.எஸ். பாட்டை எடுத்தால் பந்தலில் பேச்சு நின்றுவிடும். அண்ணன் கிட்டார். 1946இலிருந்து இந்தியா இந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியிருந்ததால் ரெக்கார்டு கிடைப்பது பெரும்பாடு. படம் வந்தால் நாலைந்து தடவை பார்த்து, காதாலேயே பாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பிடிபடாத இடத்தில் சொந்தமாக ஒன்றைப் போட்டு நிரப்புவார்கள். எங்கள் காதுக்கு அந்தச் சொந்தச் சரக்குதான் அசலாக இருந்தது. பிற்காலத்தில் நிஜ ரெக்கார்டைக் கேட்டபோது ஏதோ குறைகிற மாதிரி எனக்குப் பட்டது.

அண்ணனைக் கிட்டார் பக்கம் தள்ளியது டர்பனின் ஃப்ளேம்ஸ் என்ற ராக் குழு. டர்பனில் அறுபதுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேரே போதும். 1967இல் எனக்குப் பதினாலு வயது. அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அண்ணன் என்னை டர்பனுக்குக் கூட்டிப் போனார். என்ன பாடினார்கள் என்று கேட்டால் இன்று பாதிகூடச் சொல்லத் தெரியாது. ஆனால் பலகைத் தரை என் செருப்புக்கு அடியில் அதிர்ந்தது இன்றும் காலில் இருக்கிறது. டிரம்ஸ் அடித்த ரிக்கி ஃபடார் கிட்டத்தட்ட என் வயதுப் பையன்! ஸ்டீவ் ஃபடார் கிட்டாரோடு முன்னால் வந்தபோது அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார், பிடித்தது அவருக்கே தெரியாது. அடுத்த மாதமே ஆலைச் சம்பளத்தைப் போட்டு ஒரு பழைய கிட்டார் வாங்கி வந்தார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

ஃப்ளேம்ஸும் கலைந்து போன குழுதான். லண்டனுக்குப் போனார்கள், அங்கே அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவினர் அவர்களைக் கண்டுபிடித்தார்கள், அந்தக் குழுவின் கார்ல் வில்சன் 1970இல் அவர்களுக்கு ஒரு ரெக்கார்டு தயாரித்தார், கொஞ்ச நாளில் பிரிந்தார்கள். ரிக்கியும் குழுவின் இன்னொரு ஆளான பிளாண்டி சாப்ளினும் 1972இல் பீச் பாய்ஸிலேயே சேர்ந்தார்கள். ஸ்டீவ் ஊர் திரும்பி டர்பனிலேயே வாசித்துக்கொண்டிருந்து 2020 ஜனவரியில் காலமானார். குழு போய்விட்டது, ஆனால் 1968இல் வந்த அவர்களுடைய 'சோல்ஃபயர்' ரெக்கார்டு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எங்கள் அண்ணன் குழு ஒரு ஸ்டுடியோ வாசலைக்கூட மிதித்ததில்லை. நூற்றுக்கணக்கான கல்யாணம், எத்தனையோ கோவில் திருவிழா. அத்தனைக்கும் மிஞ்சியது யாரோ மடியில் வைத்துப் பதிந்த ஒரே ஒரு அறுபது நிமிடக் கேசட். அதுவும் சேற்றில்.

தம்பி அதை என்ன செய்தார் என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

ஐந்து சின்னத் திருகையும் கழற்றி மூடியைத் திறந்திருக்கிறார். சுருளை அவிழ்க்காமல் அப்படியே ஒரு கிண்ணத் தண்ணீரில் வைத்து, தண்ணீர் பழுப்பானதும் மாற்றி, மறுபடி வைத்து, மறுபடி மாற்றியிருக்கிறார். ஏழு தடவை. அப்புறமும் சுற்றுக்கு நடுவே சேறு ஒட்டியிருந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் ஒற்றி எடுத்திருக்கிறார். அந்த நாடா நாலு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாதது. தேய்த்தால் பழுப்புப் பூச்சு உரிந்து வந்துவிடும், பாட்டு இருப்பதே அந்தப் பூச்சில்தான். கடைசியாகப் பெட்ரோல் நிலையத்தில் பேட்டரி வாட்டர் வாங்கி ஒருமுறை அலசினாராம், உப்புக் கறை பிடிக்காமல் இருக்க. நிழலில் துண்டு மேல் மூன்று நாள் உலர வைத்து, தன் வீட்டுக் கிறிஸ்தவப் பாட்டுக் கேசட் ஒன்றைப் பிரித்து அதன் கூட்டுக்குள் இதை மாற்றி, பென்சிலால் மெதுவாகச் சுற்றியிருக்கிறார்.

ஏழு தடவை மாற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். லாரித் தண்ணீரா என்றேன். முகம் மாறிவிட்டது. "இல்லை மா. அது வரிசையில் நிக்கிறவங்க தண்ணீர். அதில் நான் கை வைக்க மாட்டேன்" என்றார். அவருடைய குடிதண்ணீர். ஹம்பனாத்தியிலும் குழாய் வறண்டுதான் கிடக்கிறது. நாள் முழுக்க நமக்குத் தண்ணீர் சுமந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகும் ஐந்து லிட்டர் பாட்டிலில் பாதியை என் அண்ணன் பாட்டுக்கு ஊற்றியிருக்கிறார். இந்த ஊரில் இப்போது தண்ணீர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பேட்டரி போட்ட ஒரு பழைய பிளேயரோடு வந்து நின்றார். எங்கள் வீட்டு வயரிங் இன்னும் முடியவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்தோம். முதலில் இரைச்சல். குரல் நீருக்குள்ளிருந்து வருவது போல மங்கி, அப்புறம் தெளிந்தது. அண்ணன் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுகிறார். டோலக் விழுகிறது. பின்னால் அண்டா இழுக்கிற சத்தம், யாரோ யாரையோ பீன்ஸ் கறி கொண்டுவரச் சொல்கிறார்கள். இடையிடையே சேறு தின்ற இடங்களில் பாட்டு மறைந்து மறைந்து வருகிறது.

நான் காத்திருந்த இடம் இரண்டாவது பக்கத்தில் வந்தது. அன்றைக்குப் பாட்டின் நடுவில் கரண்ட் போனது. இந்தக் கதையை என் பேரப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஆயா கூட்டிச் சொல்கிறாள் என்று சிரிப்பார்கள். இப்போது கேட்கட்டும். கிட்டார் வெட்டினாற்போல நிற்கிறது. மைக் செத்துவிடுகிறது. டோலக் மட்டும் விடவில்லை. ஒரு குழந்தை "கரண்ட் போச்சு" என்கிறது. ஆர்மோனியம் வந்து சேர்கிறது. குமாஸ்தா அண்ணே மைக் இல்லாமலேயே அடுத்த அடியை எடுக்கிறார், குரல் எங்கோ தூரத்திலிருந்து வருகிறது. அதற்கு அடுத்த அடியைச் சமையல் பந்தலிலிருந்து பெண்கள் எடுக்கிறார்கள். அப்புறம் எல்லோரும். இருட்டில் அத்தனை பேரும். பதிந்த பெட்டி பேட்டரியில் ஓடியதால் அது மட்டும் நிற்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் என் குரலும் இருக்கிறது, எனக்கு அப்போது இருபத்தைந்து வயது.

தம்பிக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்த இடம் வந்ததும் அவர் தலை குனிந்துகொண்டது. முடிந்ததும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார், அவருடைய அப்பா டர்பனில் ஆண்கள் விடுதியில் தங்கி வேலை பார்த்தவர், ஒரு இசிகத்தமியா குழுவில் பாடியவர் என்று. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற பேர்போன ஜூலுக் குழு பாடுவது போல வாத்தியம் இல்லாமல் குரலாலேயே பாடுவது. சனிக்கிழமை ராத்திரி பியாட்ரிஸ் தெரு ஒய்.எம்.சி.ஏ. மண்டபத்தில் போட்டி தொடங்கினால் ஞாயிறு விடியும் வரை போகும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு, வெள்ளைக் கையுறை, பளபளக்கும் ஷூ. தரைக்கு வலிக்காத மாதிரி அடி எடுத்து வைப்பார்களாம். இவர் சின்னப் பிள்ளையாகப் பெஞ்சில் தூங்கி விழுந்துகொண்டே அப்பாவின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். அந்தக் குழுவும் இல்லை, அப்பாவும் இல்லை. "யாரும் பதியவே இல்லை, மா" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஐந்து லிட்டர் பாட்டில் ஏன் என் கேசட்டுக்குப் போனது என்று எனக்குப் புரிந்தது.

பணம் வாங்க மறுத்துவிட்டார். ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய் வாங்கிக்கொண்டார், அதுவும் நான் கட்டாயப்படுத்தியதால்.

தம்பி, உங்கள் மகள் இதை யாரிடமாவது படிக்கச் சொல்லி உங்களுக்கு ஜூலுவில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் நேற்றுச் சரியாகச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் ஜூலுவிலேயே நன்றி சொல்கிறேன்: ஙியாபோங்கா, பாபா. என் அண்ணன் இருந்திருந்தால் உங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கிட்டாரை எடுத்திருப்பார்.

ஆர்கெஸ்ட்ரா குடும்பங்களுக்கு: பேத்தி இதைக் கணினியில் ஏற்றுகிறாள். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்துக்கு வந்தால் ஆளுக்கு ஒரு பிரதி கிடைக்கும். கரண்ட் போன இடத்தை எல்லோரும் சேர்ந்து கேட்போம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்பதுகளில் டர்பன் விடுதிகளில் வேலை பார்த்தவர்கள், பியாட்ரிஸ் தெருவில் கடை வைத்திருந்தவர்கள், அந்த மண்டபத்துப் பக்கம் ஒலிபெருக்கி கட்டப் போனவர்கள் நம்மில் உண்டு. வீட்டில் பழைய கேசட் பெட்டி இருந்தால், எழுத்து அழிந்திருந்தாலும், ஜூலுப் பாட்டுதானே என்று தூக்கிப் போடாதீர்கள். என்னிடம் கொண்டுவாருங்கள். நான் உயிரோடு இருக்கும் வரை தேடுவேன். குழுவின் பேரை எழுதி வைத்திருக்கிறேன். அவருடைய அப்பா பாஸ் குரல், பின் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள்.